குருவிப் பெட்டியும் மேற்கு வெயிலும்

2019ஆம் ஆண்டு சித்திரையில், நானே செய்து மாட்டிய முதல் குருவிப் பெட்டிக்குள் மூன்று குஞ்சுகள் சூடு தாங்காமல் இறந்துபோயின. பிற்பகல் மூன்று மணி இருக்கும். காயப்போட்ட வற்றலை அள்ளுவதற்காக மொட்டை மாடிக்குப் போனபோது, ஆண்குருவி அலகில் ஒரு பச்சைப் புழுவைப் பிடித்தபடி கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தது. பெட்டிக்குப் பறந்து போகும். துளையில் தலையை நீட்டும். உள்ளே நுழையாமல் திரும்பிச் சுவருக்கே வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு தடவை அப்படியே செய்தது. அத்தனை தடவையும் அந்தப் புழுவைக் கீழே போடவில்லை. பெட்டியின் தகரக் கூரையில் கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுக்க வேண்டியதாயிற்று. மூடியைத் திறந்து பார்த்தபோது, இறகு அப்போதுதான் குருத்து விட்டிருந்த மூன்று குஞ்சுகளும் வாயைத் திறந்தபடி துளையின் பக்கமாகக் கழுத்தை நீட்டிக் கிடந்தன.

பெட்டி செய்வது எப்படி என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். பலகை, ஆணி, அளவு எல்லாம் பிறகு.

நான் செய்த பிழை எளிமையானது. இணையத்தில் கிடைத்த ஒரு வரைபடத்தை அப்படியே பின்பற்றினேன். அது அமெரிக்காவில் புளூபேர்ட் என்னும் நீலநிறப் பறவைக்காகச் செய்யப்படும் பெட்டி. மரநிழலை விட்டு விலகி, புல்வெளி போன்ற திறந்த இடத்தில், கம்பத்தின் மேல் அதை நிறுத்துவார்கள். குளிர் முழுவதும் விலகாத அந்த நாட்டு வசந்த காலத்துக்கு அது பொருத்தம். நான் லால்குடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், மேற்குப் பக்கம் ஒரு கம்பம் நட்டு, மிஞ்சிக் கிடந்த ப்ளைவுட்டில் பெட்டி செய்து, மழைக்குத் தாங்கட்டும் என்று அதன் மேல் தகரமும் அடித்து வைத்தேன். திருச்சிப் பக்கத்து வெயில் எப்படியிருக்கும் என்று ஐம்பது வருடமாக அறிந்தவள், பெட்டி செய்யும்போது மட்டும் அதை மறந்துபோனேன். இன்னொன்றும் பிற்பாடுதான் தெரிந்தது. நம் சிட்டுக்குருவி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் விடப்பட்டு, அங்கே பெருகி, புளூபேர்டின் பொந்துகளைப் பிடித்துக்கொள்ளும் பறவையாக ஆகிவிட்டது. அங்கே பெட்டி செய்கிறவர்கள் சிட்டுக்குருவி அதில் புகாமல் இருக்க வழி தேடுகிறார்கள். அதை எதிரியாகப் பார்ப்பவர்களின் வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் நான் அதற்கு வீடு கட்டியிருக்கிறேன்.

அந்த வாரம் கதவு இழைக்க வந்த தச்சரிடம் பெட்டியைக் காட்டினேன். எங்கள் பழைய வீட்டுக்கு வேலை செய்தவரின் மகன் அவர். பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூடியத் தொறந்து உள்ள கைய வெச்சுக்கிட்டு வெயில்ல பத்து நிமிஷம் நின்னு பாருங்க டீச்சர், அப்புறம் பேசுவோம்" என்றார். நான் நிற்கவில்லை. பள்ளியின் ஆய்வகத்தில் பயன்படும் வெப்பமானி ஒன்று வீட்டில் இருந்தது. அதை உள்ளே வைத்து மூடி, மறுநாள் அதே நேரத்தில் எடுத்துப் பார்த்தேன். நிழலில் 39 டிகிரி, பெட்டிக்குள் 46 டிகிரி. வெறும் பெட்டிக்கே அந்த நிலை. வைக்கோலும் பஞ்சும் அடைத்து, அதன் நடுவே மூன்று உயிர்கள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பழைய வீடு நாட்டு ஓடு வேய்ந்தது. தாழ்வாரத்தில் கைமரம் சுவரின் மேல் வந்து உட்காரும் இடங்களில் எல்லாம் ஒரு கைப்பிடி அளவு இடைவெளி இருக்கும். ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு குருவிக் குடும்பம் இருந்தது. சுவரில் சாய்த்து மாட்டிய படங்களுக்குப் பின்னாலும் வைக்கோல் துருத்திக்கொண்டிருக்கும். அறுவடை முடிந்ததும் அப்பா ஒரு பிடி நெற்கதிரைப் பின்னித் தாழ்வாரத்து விட்டத்தில் கட்டித் தொங்கவிடுவார். சங்கப் பாடல்கள் இந்தப் பறவையை 'மனையுறை குரீஇ' என்று சொல்வதை வகுப்பில் கேட்டபோது அந்தத் தாழ்வாரம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. 1994இல் அந்த வீட்டை இடித்துவிட்டுக் காங்கிரீட் வீடு கட்டினோம். வழவழவென்று பூசிய சுவரில் ஒரு விரல் நுழையும் ஓட்டைகூடக் கிடையாது. இரண்டு மூன்று வருடங்கள் குருவிகள் வந்து ஜன்னல் கம்பிகளில் உட்கார்ந்து பார்த்தன, பிறகு வரவில்லை. பரணில் கிடந்த பழைய ஜன்னல் கதவுகள் இரண்டைத் தச்சர்தான் கேட்டு இறக்கினார். முக்கால் அங்குலக் கனமுள்ள நாட்டுத் தேக்குப் பலகைகள். அவற்றை அறுத்து நான்கு பெட்டிகள் செய்தோம்.

தேக்குதான் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். வேம்பு, பலா, மாமரப் பலகை எதுவானாலும் சரி, கனம் முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் வெளிச்சூடு உள்ளே இறங்கத் தாமதமாகும். ப்ளைவுட் ஒரு மழைக்காலத்தில் உப்பி, அடுத்த மழைக்காலத்தில் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். தகரமும் பிளாஸ்டிக்கும் நம் ஊருக்கு ஆகவே ஆகாது. மண் கலயம் குளிர்ச்சியானது, குருவிகளுக்கும் பிடிக்கும். ஆனால் திறந்து சுத்தம் செய்ய முடியாது, கயிறு இற்றால் குஞ்சுகளோடு கீழே விழும். கலயம் வைப்பதானால் சுவரில் ஒரு மாடம் போலச் செய்து அதற்குள் பதித்துவிடுவது நல்லது.

எங்கள் பெட்டியின் அடித்தளம் உள்ளளவில் ஆறுக்கு ஆறு அங்குலம்; உயரம் பத்து அங்குலம். தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேலே துளை. துளைக்கும் தரைக்கும் அந்த ஆழம் இருந்தால்தான் காக்கையின் அலகும் பூனையின் கையும் குஞ்சை எட்டாது. துளையின் குறுக்களவு ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மில்லிமீட்டர். இந்த ஓர் அளவில் மட்டும் எந்தச் சமரசமும் செய்யக் கூடாது. துளை இரண்டங்குலம் ஆனால் மைனா உள்ளே புகுந்து, முட்டைகளை வெளியே தள்ளிவிட்டுத் தான் குடியேறிவிடும். அணில் துளையைக் கொறித்துப் பெரிதாக்கும் என்பதால் துளையைச் சுற்றி ஒரு சின்னத் தகடு அடித்திருக்கிறோம். அதன் விளிம்பு கால்களைக் கிழிக்காதபடி தச்சர் அரத்தால் ராவிக் கொடுத்தார்.

துளைக்குக் கீழே குருவி வந்து உட்கார ஒரு குச்சி வைக்கும் வழக்கத்தைப் பல பெட்டிகளில் பார்க்கிறேன். அது குருவிக்குத் தேவையே இல்லை. பறந்து வந்த வேகத்தில் துளையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு உள்ளே போய்விடும். அந்தக் குச்சியில் உட்காருவது காக்கைதான்.

கூரைப் பலகை முன்பக்கம் இரண்டங்குலம் நீண்டு, சற்றுச் சரிந்து இருக்கிறது. கூரைக்கும் பக்கப் பலகைகளுக்கும் நடுவே இருபுறமும் அரை அங்குல இடைவெளி விட்டோம். சூடான காற்று மேலே போக வழி அதுதான். என் முதல் பெட்டியில் இல்லாததும் அதுதான். தரையின் நான்கு மூலைகளிலும் கால் அங்குலத் துளைகள் போட்டோம், சாரல் அடித்தால் தண்ணீர் வடிந்துவிடும். உள்பக்கத்தை இழைக்காமல் சொரசொரப்பாகவே விட்டு, துளைக்குக் கீழே உளியால் குறுக்குக் கீறல்கள் போட்டோம், குஞ்சு வெளியேறும் நாளில் பற்றி ஏறுவதற்கு. வண்ணமோ வார்னிஷோ உள்ளே பூசவில்லை. ஒரு பக்கப் பலகையைக் கீல் வைத்துக் கதவு போலத் திறக்கும்படி செய்து, திருகாணி போட்டு இறுக்கிவிட்டோம்.

பெட்டியை எங்கே மாட்டுவது என்பதில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன். மேற்குச் சுவர் கூடாது என்பது எனக்குப் பாடமாகிவிட்டது. கிழக்குச் சுவரில் காலை வெயில் மட்டும் படும், நல்லதுதான்; ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து அடிக்கும் மழை நேராகத் துளைக்குள் போகும். ஒரு வாரம் விடுமுறையில் மணிக்கு ஒரு தடவை வீட்டைச் சுற்றி வந்து, எந்த இடத்தில் எப்போது வெயில் விழுகிறது என்று நோட்டில் குறித்தேன். கடைசியில் போர்டிகோவின் கூரைக்குக் கீழே, கிழக்கு நோக்கிய உள்சுவரில், தரையிலிருந்து ஒன்பதடி உயரத்தில் இடம் கிடைத்தது. நாள் முழுவதும் நிழல், மழையும் எட்டாது, பூனை ஏறப் பக்கத்தில் கொடியோ குழாயோ இல்லை. குருவிகள் கூட்டமாக வாழ்பவை ஆதலால் நான்கு பெட்டிகளையும் மூன்று மூன்று அடி இடைவெளியில் வரிசையாக மாட்டினோம்.

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 20ஆம் தேதி உலகச் சிட்டுக்குருவி நாள் வருகிறது. 2010இலிருந்து கொண்டாடப்படும் இந்த நாளில் பல ஊர்களில் பெட்டிகளை இலவசமாகக் கொடுக்கிறார்கள். கொடுப்பவர்களின் நல்ல மனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டிகள் சாலையோர மரங்களிலும் மின்கம்பங்களிலும் வெயிலில் தொங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. மனிதர்கள் புழங்கும் வீட்டுச் சுவரை ஒட்டி வாழும் பறவை இது. பெட்டியைக் கொடுக்கும்போது, அதை எந்தச் சுவரில் மாட்ட வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதிக் கொடுத்தால் எத்தனையோ குஞ்சுகள் பிழைக்கும்.

புதுப் பெட்டிகளை மாட்டிய பிறகு ஏழு மாதம் ஒன்றும் வரவில்லை. எட்டாவது மாதத்தில், தை பிறந்த இரண்டாம் நாள், இரண்டாவது பெட்டியின் துளையில் ஓர் ஆண்குருவி தலையை நீட்டிக்கொண்டு, தொண்டைக்குக் கீழுள்ள கறுப்புத் திட்டு துடிக்கத் துடிக்கக் கத்திக்கொண்டிருந்தது. இடத்தைத் தேர்ந்தெடுப்பது ஆண். தேர்ந்த இடத்தின் வாசலில் நின்று துணையைக் கூப்பிடும். நான்காவது நாள் பெண்குருவி வந்தது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து, பக்கத்துப் பெட்டிகள் மூன்றுக்குள்ளும் நுழைந்து பார்த்தது. பிறகு முதலில் பார்த்ததற்கே திரும்பியது. அன்று மாலையே வைக்கோல் போகத் தொடங்கியது.

கூடு கட்டும் அந்தப் பத்து நாளும் நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வைக்கோல், கோழி இறகு, தலையணையிலிருந்து உதிர்ந்த இலவம் பஞ்சு, என் தையல் இயந்திரத்தின் அடியில் கிடந்த நூல் துண்டுகள். நூலைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. நைலான் நூலும் காற்றாடி நூலும் குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டால் காலே அற்றுப்போகும். அன்றிலிருந்து நூல் துண்டுகளைப் பெருக்கி மூடியுள்ள டப்பாவில் போடுகிறேன். பருத்தி நூலைக்கூட ஒரு விரல் நீளத்துக்கு மேல் வெளியே விடுவதில்லை. ஒரு நாள் காலை பெண்குருவி வேப்பங்கொழுந்து ஒன்றை ஈர்க்கோடு கொத்திக்கொண்டு வந்து உள்ளே போனது. மறுநாளும் அப்படியே. வைக்கோலையும் பஞ்சையும் புரிந்துகொள்ள முடிகிறது, பச்சை வேப்பிலை எதற்கு என்று குழம்பினேன். இந்தியாவில் சிட்டுக்குருவிகள் கூட்டில் வேப்பிலை வைப்பதைப் பறவையியலாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள் என்றும், கூட்டில் பெருகும் ஒட்டுண்ணிகளை அது தடுக்கக்கூடும் என்று அவர்கள் கருதினார்கள் என்றும் பிறகு படித்தேன். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை சொருகும் நமக்கு இதில் வியக்க என்ன இருக்கிறது என்று அம்மா சொன்னாள்.

முட்டை எத்தனை என்று பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் கடினம். சாதாரணமாக மூன்றிலிருந்து ஐந்து வரை இடும். இரண்டு வாரத்துக்குள் பொரிக்கும். பொரித்த பிறகு இன்னும் இரண்டு வாரம், சில சமயம் ஓரிரு நாள் கூடுதலாக, குஞ்சுகள் உள்ளே இருக்கும். இறகு முளைத்த குஞ்சுகள் இருக்கும்போது பெட்டியைத் திறந்தால், பறக்கத் தெரியாமலே பயந்து வெளியே குதித்துவிடும். ஆகவே நான் திறப்பதில்லை. சத்தத்தை வைத்தே நாளைக் கணக்கிடலாம். முதல் சில நாள் ஒன்றும் கேட்காது; பிறகு ஊசி முனை போன்ற மெல்லிய கீச்சொலி; பத்தாம் நாளுக்கு மேல் தாய் வரும் சிறகடிப்புக் கேட்டாலே பெட்டி முழுவதும் கூச்சல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை எண்ணினேன். தாயும் தகப்பனுமாக 22 தடவை இரை கொண்டுவந்தன.

அந்த 22 தடவையில் ஒரு தடவைகூடத் தானியம் வரவில்லை. அவரைப் பந்தலிலிருந்து பச்சைப் புழு, கத்தரிச் செடியிலிருந்து சிறு பூச்சி, விளக்கடியில் செத்துக் கிடந்த விட்டில். பெரிய குருவி தானியம் தின்று வாழும். குஞ்சின் முதல் உணவு பூச்சிதான். கம்பும் நொய்யரிசியும் தட்டு நிறைய வைத்துவிட்டு, செடிகளுக்கெல்லாம் பூச்சிமருந்து அடித்தால், பெட்டிக்குள் குஞ்சுகள் பட்டினி கிடக்கும். நாங்கள் மருந்து அடிப்பதை நிறுத்தி ஐந்து வருடமாகிறது. அவரைக்காயில் பாதி சொத்தையாகத்தான் வருகிறது. அதை நறுக்கி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கிறோம்.

குருவி வீட்டுக்கு வந்தால் வீட்டுக்குள்ளும் இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும். ஓடும் மின்விசிறியில் அடிபட்டு இறந்த குருவியை எடுத்துப் புதைத்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர் இருப்பார்கள். கூடத்து ஜன்னல்களுக்கு வலை அடித்தேன். வலை இல்லாத அறையில் ஜன்னல் திறந்திருக்கும் வரை மின்விசிறி போடுவதில்லை. கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்து எதிரி என்று நினைத்து ஆண்குருவி மணிக்கணக்காகக் கொத்தும். அதைத் துணி போட்டு மூடிவிட்டேன்.

குஞ்சுகள் பறந்துபோன பிறகு ஒரு வாரம் விட்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு, பழைய கூட்டை எடுத்துவிட்டு, பெட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவைக்கிறேன். கூட்டுக்குள் பேன் போன்ற பொடி உயிர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். சுத்தம் செய்யாத பெட்டியில் அடுத்த ஈட்டுக் குஞ்சுகளை அவை உறிஞ்சிவிடும்.

சிட்டுக்குருவி அழிந்துவருகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். 2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை இதைச் சற்றுத் திருத்துகிறது. நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் கடந்த 25 ஆண்டுகளில் இதன் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. எங்கள் ஊர் அரிசி மண்டியிலும் பேருந்து நிலையத்திலும் குருவிகள் எப்போதும் இருந்தன என்பது எனக்கும் தெரியும். எங்கள் தெருவுக்குள் வருவதற்குத்தான் அவற்றுக்கு ஓர் இடமும் இல்லாமலிருந்தது. கைபேசிக் கோபுரங்கள்தான் காரணம் என்று பலரும் உறுதியாகச் சொல்வார்கள். அதற்கு நிரூபணமான சான்று இல்லை. பூசி மெழுகிய சுவரையும் பூச்சியில்லாத தோட்டத்தையும் என் கண்ணால் பார்க்கிறேன், அவற்றை நானே மாற்றவும் முடியும் என்பதால் என் கவனத்தை அவற்றில் வைத்திருக்கிறேன்.

மற்றப் பறவைகளுக்கும் பெட்டி செய்யலாமா என்று கேட்கிறார்கள். பொந்தில் வாழும் பறவைக்கு மட்டுமே பெட்டி ஆகும். தையல்சிட்டு அகன்ற இலைகளைத் தைத்துக்கொள்ளும். தேன்சிட்டு கொடியில் பை போலத் தொங்கவிடும். கொண்டைக்குருவி புதரில் கிண்ணம் போலக் கட்டும். இவற்றுக்கு நாம் கொடுக்க வேண்டியது கத்தரிக்காமல் விட்ட செடி. குண்டுக்கரிச்சான் பெட்டிக்கு வரும். அதற்கு இரண்டங்குலத் துளை வேண்டும் என்பதால் மைனாவோடு போட்டி வரும். செம்மார்புக் குக்குறுவான் தன் பொந்தைத் தானே குடையும். அதற்குக் காய்ந்த முருங்கைக் கிளை போதும். எங்கள் கொல்லை முருங்கையில் பட்டுப்போன ஒரு கிளையை வெட்டாமல் விட்டு மூன்று வருடமாகிறது, அதில் இப்போது ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு துளைகள் இருக்கின்றன.

2020இல் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தக்குடியில், தெருவிளக்கின் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு பறவை முட்டையிட்டுவிட்டது என்பதற்காக, குஞ்சு பறக்கும் வரை ஒரு மாதத்துக்கு மேல் ஊரே தெருவிளக்குப் போடாமல் இருட்டில் நடந்தது. அந்தச் செய்தியை வெட்டித் தச்சரிடம் கொடுத்தேன். அவர் தன் பட்டறையில் ஒட்டி வைத்திருக்கிறார்.

இந்தப் பங்குனியில் நான்கு பெட்டிகளில் மூன்றில் ஆள் இருக்கிறது. நான்காவது, வாசல் விளக்குக்கு மிக அருகில் இருப்பது, இன்றுவரை காலியாகவே கிடக்கிறது. இரவு வெளிச்சம் துளைக்குள் விழுவதால் இருக்கலாம் என்று தச்சர் சொல்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் ஏணியோடு வருகிறார். விளக்கைத் தூணின் மறுபக்கத்துக்கு மாற்றப் போகிறோம்.